சொக்கிகுளத்து பிராஸ்பெக்டஸ்

மதுரைக் கல்லூரிகளில் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஆசையோடு தொடங்கும் பைனான்ஸ் கிளப்புகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. முதல் கூட்டத்திலேயே நேர்முகத் தேர்வுக் கேள்விகளைக் கையில் எடுத்துவிடுகின்றன. தேய்மானம் பத்து ரூபாய் கூடினால் மூன்று கணக்கறிக்கைகளிலும் என்ன மாறும், டிசிஎஃப் கணக்கில் தள்ளுபடி விகிதத்தை எப்படி எடுப்பது என்று நூறு கேள்வி, நூறு பதில். அப்படிப்பட்ட ஒரு கிளப்பை நடத்தி, அதை வேறு வழிக்குத் திருப்பியதற்காக வசவும் வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: மாணவர்களின் காலத்தை அதிகம் தின்பது இந்தத் தொடக்கம்தான். அந்தக் கேள்விகள் நியூயார்க், லண்டன் பல்கலைக்கழகங்களுக்காகப் பிறந்தவை. அங்கே பட்டப்படிப்பு முடியும் முன்பே கோடைக்காலப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். படித்த பதில் சூடாக இருக்கும்போதே பயன்படுகிறது. நம் ஊர் பி.காம். மாணவருக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் நாற்காலி சி.ஏ. முடித்தோ, நல்ல எம்.பி.ஏ. முடித்தோ வருவது. நடுவில் நாலைந்து வருடம் இருக்கிறது. அதுவரை எந்த மனப்பாடம் தாங்கும்? ஒரு டீல் எப்படி நடந்தது, யார் எதற்காகப் பணம் கேட்டார்கள், விலையை எப்படி நியாயப்படுத்தினார்கள் என்று ஒருமுறை முழுதாகப் படித்துச் சண்டை போட்டவருக்குத்தான் அது மறக்காது.

அதற்கு அமெரிக்க உதாரணம் தேவையில்லை. மதுரையில் பஸ் விட்டுத் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனியான டி.வி.எஸ். சப்ளை செயின் சொல்யூஷன்ஸின் பதிவு அலுவலகம் சொக்கிகுளம் ஜவஹர் ரோட்டில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2022-இல் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் கொடுத்த வரைவு பிராஸ்பெக்டஸில் (பங்கு வெளியீட்டு ஆவணம்) புதுப் பங்குகள் மூலம் 2,000 கோடி ரூபாய் திரட்டுவதாகச் சொன்ன கம்பெனி, கடைசியில் அதை 600 கோடியாகக் குறைத்தது. பழைய பங்குதாரர்கள் விற்ற 280 கோடியும் சேர்ந்து மொத்தம் 880 கோடி. ஏன் குறைந்தது என்று தேடிப் பார்ப்பதே ஒரு வாரப் பாடம். புதுப் பணத்தின் பெரும்பகுதி கடனை அடைக்கப் போனது. 2022-23-இல் வருவாய் 10,000 கோடியைத் தாண்டியது. லாபமோ 42 கோடி அளவுதான். அதாவது நூறு ரூபாய்க்கு வேலை பார்த்து மிஞ்சியது சுமார் நாற்பது காசு. ஆனால் வெளியீட்டில் பங்கு விலை 197 ரூபாய். அந்த விலைக்கு மொத்தக் கம்பெனியின் மதிப்பு 8,000 கோடிக்கும் மேல். இது அநியாய விலையா, அல்லது வட்டி குறைந்தால் லாபம் எங்கே போகும் என்று கணக்குப் போட்ட விலையா? அதே துறையிலுள்ள மகிந்திரா லாஜிஸ்டிக்ஸோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது, டெல்லிவரியோடு ஒப்பிட்டால் என்ன தெரிகிறது? லாபத்தை வைத்து மதிப்பிட முடியாதபோது வேறு எதை வைத்து மதிப்பிடுகிறார்கள்? மதிப்பீடு என்ற பாடம் முழுவதும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்கிவிடும். பதில் தெரியாமல் திணறும் மாணவர் தானாகவே எக்ஸெலைத் திறப்பார். பயிற்சியாளர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்து, இரண்டு நாள் மாடலிங் வகுப்புக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, யாரோ ஒரு கற்பனைக் கம்பெனிக்கு வரிசை வரிசையாக நிரப்பச் சொல்லும் வேலை மிச்சம்.

இன்னும் பழையது வேண்டுமானால் பேங்க் ஆஃப் மதுரா இருக்கிறது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-இல் தொடங்கிய வங்கியை, 1994-இல் பிறந்த ஐசிஐசிஐ வங்கி 2001 மார்ச்சில் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பேங்க் ஆஃப் மதுரா பங்கு ஒன்றுக்கு ஐசிஐசிஐ பங்கு இரண்டு. அந்த இரண்டு ஏன் ஒன்றரை ஆகவில்லை, ஏன் இரண்டரை ஆகவில்லை என்று விவாதிக்கத் தெரிந்தவருக்கு இணைப்பு பற்றி வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பங்கு விற்றதைப் படித்தால் இன்னொன்று புரியும்: மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழக்கில் கிடந்த வங்கியைச் சந்தைக்குக் கொண்டுவர, வெளியீட்டை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கர் எழுதவேண்டிய இடர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று. மதுரை நகைக்கடையான தங்கமயில் 2010-இல் சந்தைக்கு வந்தது; நகைக்கடைச் சரக்கிருப்புக் கணக்குக்கு அது போதும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலைதான். பிராஸ்பெக்டஸ் செபி தளத்தில் இலவசம். இடர்கள், பணம் எதற்கு, விலைக்கு என்ன அடிப்படை, வழக்குகள் என நாலு பேருக்கு நாலு பகுதி பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதட்டும். செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் தேர்வை மூன்றாம் வருடம் எழுதிவிடலாம். சி.ஏ. பக்கம் போகிறவர்களைத் தடுக்காதீர்கள்.

“எந்த பேங்கும் மதுரைக்கு ஆள் எடுக்க வராதபோது இதெல்லாம் எதற்கு” என்று கேட்பார்கள். வராது என்பது உண்மை. பெரிய வங்கிகளை மட்டுமே பார்ப்பதால்தான் அந்தக் கேள்வி பெரிதாகத் தெரிகிறது. 2012-இல் பி.எஸ்.இ.யும் என்.எஸ்.இ.யும் சிறு கம்பெனிகளுக்கென்று தனிச் சந்தை திறந்த பிறகு, அங்கே வரும் பங்கு வெளியீடுகளைச் செய்யும் சின்ன மெர்ச்சன்ட் பேங்கர்கள் பெருகியிருக்கிறார்கள். கல்லூரிப் பெயரைவிட, வரைவு எழுதத் தெரிந்த கை அங்கே செல்லும். இன்னும் சிலர் பழனிவேல் தியாகராஜனைக் காட்டுவார்கள்: மதுரைக்காரர், லீமன் பிரதர்ஸில் இருந்தவர், தமிழ்நாட்டு நிதி அமைச்சரானவர். போஸ்டரில் போட நல்ல படம்தான். ஆனால் அவர் போன வழி திருச்சி ஆர்.இ.சி., பஃபலோவில் முனைவர் பட்டம், எம்.ஐ.டி.யில் எம்.பி.ஏ. அந்தப் பாதையை நம் மாணவருக்கு நேரடி முன்மாதிரியாகச் சொல்வது ஏமாற்று.

பிளேஸ்மென்ட் செல்காரர்களுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வருட முடிவில் எண்ணிக்கை வேண்டும், பேனர் வேண்டும். பன்னாட்டு வங்கியின் சென்னை அலுவலகத்தில் கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலையோ வாடிக்கையாளர் ஆவணம் சரிபார்க்கும் வேலையோ கிடைத்த பையனின் படத்துக்குக் கீழே “இன்வெஸ்ட்மென்ட் பேங்கர்” என்று அச்சடித்துவிடுகிறார்கள். அது கௌரவமான வேலை, சம்பளமும் மோசமில்லை. ஆனால் அதற்கு ஒரு கிளப் நடத்த வேண்டியதில்லை. அதைச் சாதனை என்று காட்டும் கிளப்பில், அடுத்த வருடத்து மாணவர்கள் அதற்கு மேல் ஒன்று இருப்பதே தெரியாமல் வெளியே போகிறார்கள்.

ஆங்கிலம் என்ற ஆட்சேபம் வேறு. பிராஸ்பெக்டஸ் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, நேர்முகமும் ஆங்கிலத்தில்தான். ஆகவே கூட்டமும் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்பார்கள். நடத்திப் பாருங்கள்: நகரத்துப் பள்ளியில் படித்த மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் நோட்டில் பூப்போடுவார்கள். வாதம் தமிழில் நடக்கட்டும், குறிப்பை ஆங்கிலத்தில் எழுதட்டும். சொல்ல விஷயம் கையில் இருந்தால், திருத்தித் திருத்தி எழுதியே மொழி பிடிபடும். நேரமும் அதே மாதிரிதான். நாலரைக்கு மேல் கூட்டம் வைத்தால் உசிலம்பட்டிக்கு ஆரப்பாளையத்திலும், மேலூருக்கு மாட்டுத்தாவணியிலும் பஸ் பிடிக்கவேண்டியவர்கள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள். எஞ்சியவர்களை “ஆர்வமுள்ளவர்கள்” என்று அழைப்பது வசதிக்கு ஏற்ற பெயர். மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம் வையுங்கள், டிபன் பாக்ஸோடு வரச் சொல்லுங்கள், ஒரு நாளைக்கு பிராஸ்பெக்டஸில் ஒரு பகுதிக்கு மேல் தொடாதீர்கள்.