பழைய பண்ணை வீடும், விருந்தாளியும், தொழுவத்து மாடும்



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "எங்க மாமனார் வீடு நூறு வருசத்துக்கு மேல உள்ளது. சும்மா பூட்டிக் கிடக்கு. குற்றாலத்துக்கு வாற ஆளுகளைத் தங்க வச்சா காசு வருமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தாமிரபரணிக் கரையில், கன்னடியன் கால்வாய் பாய்கிற ஊர்களில், இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாசலில் திண்ணை, உள்ளே தார்சா, பட்டாசல், நெல் கொட்டி வைக்கக் குலுக்கை, புறவாசலில் தொழுவம், வைக்கோல் படப்பு. நமக்கு இது பழைய வீடு, அவ்வளவுதான். டவுனில் வளரும் பிள்ளைக்கோ கன்றுக்குட்டி கையை நக்குவதே பெரிய அதிசயம். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட நம்ம ஊர் கன்னி ஆட்டை அவர்கள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதற்காகவே காசு கொடுத்துத் தங்க ஆட்கள் வருகிறார்கள்.

மற்ற இடங்களில் நம்மைப் போன்ற பெண்களே இதைச் செய்கிறார்கள். குஜராத்தில் எலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய சேவா அமைப்பைப் பற்றி முன்பே பயிற்சியில் பேசியிருக்கிறோம். அந்த அமைப்பு 2016-ல் ஏர்பிஎன்பி என்ற கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, கிராமத்து உறுப்பினர்கள் தங்கள் வீட்டு அறையை விருந்தாளிகளுக்கு விடப் பயிற்சி கொடுத்தது. லடாக்கில் கதையே வேறு. அங்கே பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்து ஆடுகளை அடித்துவிடும். கோபத்தில் ஜனங்கள் சிறுத்தையைக் கொல்வார்கள். 2000-க்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்கள் சிறுத்தை பார்க்க வருகிறவர்களை வீட்டில் தங்க வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீடே எல்லா விருந்தாளியையும் எடுத்துக்கொள்ளாமல் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொது நிதிக்குப் போகிறது. இந்த முறை வைக்கிற விஷயம் நமக்கு ரொம்பப் பொருந்தும். கடன் கொடுப்பதில் நாம் முறை வைக்கிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

இனி நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர், பெயர் வேண்டாம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு உறுப்பினர் வீட்டில் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இரண்டு நாள் தங்கியது. குழுக் கடனில் வாங்கிய கறவை மாடு ஒன்று தொழுவத்தில் நின்றது. நல்ல சாது. பிள்ளைகள் ஆசை ஆசையாக மீந்த சர்க்கரைப் பொங்கல், சோறு, வாழைப்பழம் என்று ஒரு அண்டா அளவு ஊட்டிவிட்டார்கள். தடுத்தால் விருந்தாளி முகம் சுளிப்பார்களோ என்று அக்கா பேசாமல் இருந்துவிட்டார். ராத்திரி மாடு அசை போடவில்லை. வயிறு உப்பி, விடியும் முன்னே படுத்துவிட்டது. அக்கா எங்களுக்குப் போன் பண்ணி அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. "மாடு செத்துட்டா கடனை யாரு கெட்டுவா? குழுவுல மத்தவுக தலையில விழுமே!"

டாக்டர் வந்து காப்பாற்றிவிட்டார். ஆனால் பத்து நாள் பால் இல்லை. விருந்தாளி கொடுத்த காசு மருந்துக்கும் தீவனத்துக்கும் சரியாகப் போயிற்று.

ஏன் இப்படி ஆகிறது? மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் செரிக்கப் பழகியவை. திடீரென்று சோறும் இனிப்பும் நிறையப் போனால் அவை வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரியில் கூட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான். ஆகவே விருந்தாளி வந்ததும் ஒரு கட்டு பசும்புல்லைக் கையில் கொடுத்து, "இதைக் குடுங்க, சோறு மட்டும் குடுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை உதவி எண்ணைத் தொழுவச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

விருந்தாளிக்கும் ஆபத்து வரக்கூடாது. புதிதாகக் கன்று ஈன்ற மாட்டின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். எவ்வளவு சாதுவான மாடும் அப்போது முட்டும். நாய்க்கு வருசம் தவறாமல் வெறிநோய் ஊசி போட்டிருக்க வேண்டும். கடித்துவிட்டாலோ நகம் பட்டுவிட்டாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கிற வேலை வேண்டாம். பச்சைப் பால் குடிக்க ஆசைப்பட்டாலும் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். கறந்த பால் வழியாகக் கன்றுவீச்சு நோய் மனிதருக்கு வரும்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். நாட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு காங்கிரீட் போட்டால் வருகிறவர் எதைப் பார்க்க வருவார்? சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். செலவு செய்வதென்றால் முதலில் சுத்தமான கழிப்பறைக்குச் செய்யுங்கள்.

கேள்வி கேட்ட சகோதரிக்கு நேரான பதில் இது: மத்திய சுற்றுலாத் துறையின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் 1 முதல் 6 அறை வரை, 12 படுக்கைக்கு மேல் போகாமல் விடலாம். ஆனால் வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கிற வீடு இதில் வராது. நீங்கள் குடிபோக முடியுமா என்பதை முதலில் வீட்டில் பேசுங்கள். சாப்பாடு போடுவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மற்ற விவரங்களை மாவட்ட சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். காலையில் நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, விருந்தாளிக்கு மூன்று வேளை சமைப்பது யார்? வருகிற பணம் யார் கணக்கில் போகும்? சீசன் மூன்று மாதம் போனபின் மீதி ஒன்பது மாதம் தவணை கட்ட வழி என்ன? உங்கள் பதில்களை ஊக்குநர் மினிட் புத்தகத்தில் எழுதி, வருகிறபோது கொண்டு வாருங்கள்.