அதே டாக்டர், அதே போலீஸ்

கேள்வி: அமெரிக்கத் தொடர்களின் முதல் எபிசோடுகளைப் பார்த்தால் டாக்டர், வக்கீல், போலீஸ் என்று அரைத்த மாவையே அரைக்கிறார்கள். கதைக்கு அவ்வளவு பஞ்சமா?

பதில்: உங்கள் சலிப்பு நியாயம்தான். ஒரு தொடரை எடுக்கப் பெரும் பணம் வேண்டும். அதனால் ஏற்கெனவே ஓடிய கதைக்குத்தான் சேனல்கள் சட்டென்று தலையசைக்கின்றன. ஆனால் கரு பழசு என்பதற்காக மட்டும் ஒரு தொடரை ஒதுக்க எனக்கு மனம் வராது.

1994 செப்டம்பரில் 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்' இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின. இரண்டுமே சிகாகோ மருத்துவமனைக் கதைகள். இரண்டாவது 6 சீசனில் முடிந்தது, 'ஈ.ஆர்.' 15 சீசன் ஓடியது. அதன் முதல் எபிசோடில், சற்று முன்புவரை எல்லோருடனும் வேலை பார்த்த நர்ஸ் கரோல், மாத்திரைகளை விழுங்கிய நிலையில் அதே அவசரப் பிரிவுக்குத் தூக்கிவரப்படுகிறாள். கூட இருந்தவர்களே அவளைக் காப்பாற்றப் போராட வேண்டும். பழகிப்போன மருத்துவமனைக் கதை அந்த இடத்தில் எனக்குப் புதிதாகிவிட்டது.

ஆகவே, டாக்டர் கதை என்றதும் சேனலை மாற்றிவிடாதீர்கள். உள்ளே நடமாடும் மனிதர்களும் நகல்தானா என்று பாருங்கள். அவர்களும் நகல் என்றால் தாராளமாகக் கோபப்படுங்கள். நானும் உங்கள் பக்கம்தான்.