'பினைன்' என்றால் எவ்வளவு அன்பு?

கனிவைச் சொல்ல ஆங்கிலத்தில் பெயரடைகளுக்குப் பஞ்சமில்லை. கைண்ட், கைண்ட்லி, ஜென்டில், பெனவலண்ட் என்று நீண்டுகொண்டே போகும். நம்மவர்களை அதிகம் சறுக்கவைப்பது பினைன் (benign). பினிக்னண்ட் என்று அதற்கு ஒரு தங்கையும் உண்டு. பயாப்ஸி அறிக்கையில் பினைனை முதன்முதலில் பார்த்தவர்கள், அது மருத்துவர்களின் சொல் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அகராதியில் பார்த்தவர்களோ 'கருணையுள்ள' என்று மனப்பாடம் செய்துகொண்டு விண்ணப்பம், பிரிவுபசார உரை, நன்றிக் கடிதம் என்று கண்ட இடத்திலெல்லாம் தெளிக்கிறார்கள்.

நம்பிக்கை: பினைன் என்பது பட்டுச் சட்டை போட்டுக்கொண்ட கைண்ட்.

ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதற்கு இளகிய மனம், சாந்த குணம் என்றே பொருள். கேன்டர்பரி கதைகளின் முகப்பில் ஓர் ஏழைப் பாதிரியாரை அறிமுகப்படுத்தும் சாசர், அவருடைய குணத்துக்கு இந்தச் சொல்லைத்தான் சூட்டுகிறார். அந்தப் பொருள் இன்றும் செத்துவிடவில்லை. ஆனால் 'தீங்கு செய்யாத' என்ற இன்னொரு பொருள் வளர்ந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டது. "என் மேலாளர் ஒரு பினைன் மனிதர்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் அவரைப் புகழ்ந்ததாக நினைப்பீர்கள். படிப்பவர் காதில் "ஆள் ஒன்றும் ஆபத்தில்லை" என்று விழவும் வாய்ப்புண்டு. மேலாளருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தால் சங்கடம்தான்.

வேறுபாடு இன்னும் நுட்பமானது. கைண்ட் என்பது செயலில் தெரியும். ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் பெட்டியை மேலே தூக்கி வைத்தால் அவர் கைண்ட், பினைன் அல்ல. பினைன் ஒருவருடைய இருப்பில், முகத்தில், பார்வையில் தங்கும் குணம். அதனால்தான் ஆங்கிலேயர்கள் அதைப் பெரும்பாலும் ஆளுக்கு நேராகப் போடாமல் புன்னகை, பார்வை, முகபாவம், செல்வாக்கு போன்ற சொற்களுக்கு முன்னால் வைக்கிறார்கள். வெயிலும் குளிரும் அளவாக உள்ள தட்பவெப்பத்தையும் பினைன் என்பதுண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தக் கனிவு பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குவது. பேரக் குழந்தைகளின் அமளியைச் சாய்வுநாற்காலியில் இருந்தபடி பார்த்துச் சிரிக்கும் தாத்தாவின் சிரிப்பு பினைன். பேரன் தாத்தாவைப் பார்த்துச் சிரிப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "தங்கள் பினைன் பரிசீலனைக்கு" என்று மனு எழுதுபவர் தன்னை அறியாமலே அதிகாரியைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிடுகிறார். அதிகாரிக்கு அது பிடிக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை.

மேலிருந்து இறங்கும் இந்தத் தொனி எவ்வளவு விபரீதமாகலாம் என்பதற்கு அமெரிக்காவில் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1970 ஜனவரியில் அதிபர் நிக்சனின் ஆலோசகர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், இனப் பிரச்சினை குறித்து அவருக்கு ஒரு குறிப்பு எழுதினார். இரு தரப்பிலும் வாய்ச்சவடால் அதிகமாகிவிட்டது, முன்னேற்றம் தொடரட்டும், சத்தத்தைக் கொஞ்ச காலம் குறைப்போம் என்பது அவர் வாதம். அதற்கு அவர் பயன்படுத்திய தொடர் 'பினைன் நெக்லெக்ட்'. நல்லெண்ணத்தோடு கண்டுகொள்ளாமல் விடுவது என்று அவர் கருதினார். குறிப்பு கசிந்து மார்ச் மாதம் நியூயார்க் டைம்ஸில் வந்தது. கறுப்பினத் தலைவர்கள் அதில் 'நெக்லெக்ட்' என்பதை மட்டுமே கேட்டார்கள். புறக்கணிக்கப்படுகிறவனுக்கு அதில் என்ன கனிவு தெரியப்போகிறது? மொய்னிஹன் பிற்பாடு நியூயார்க் மாநிலத்தின் சார்பில் இருபத்துநான்கு ஆண்டுகள் செனட்டராக இருந்தார். அந்த இரண்டு சொற்கள் கடைசிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

நம்பிக்கை: பினிக்னண்ட் என்பதுதான் மூலச்சொல், பினைன் அதன் சுருக்கம்.

தலைகீழ். பினைன்தான் மூத்தது. பினிக்னண்ட் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலிக்னண்ட் என்ற சொல்லுக்கு எதிரிணையாக வார்க்கப்பட்டது. அந்த மலிக்னண்ட் அப்போதே அரசியலில் அடிபட்டுப் பழகிய சொல். 1640களின் ஆங்கிலேய உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத் தரப்பினர் மன்னரின் ஆதரவாளர்களை 'மலிக்னண்டுகள்' என்றே திட்டினார்கள். பினிக்னண்டுக்கு இன்று புழக்கம் குறைவு. வயது முதிர்ந்த அரசர், தெய்வத்தின் திருமுகம் என்று எழுதுமிடத்தில் அழகாக உட்காரும். வேறெங்கே போட்டாலும் நாடக வசனம் போல ஒலிக்கும்.

கட்டிகளைப் பற்றிப் பேசும்போதும் பினிக்னண்ட் வேண்டாம். மலிக்னண்டுக்கு எதிராக மருத்துவர்கள் வழங்குவது பினைன்தான். பொருத்தம் கோணலாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, வழக்கு அப்படி அமைந்துவிட்டது.

உச்சரிப்பில் பலர் தடுக்கி விழுகிறார்கள். பினைன் என்னும்போது நடுவில் உள்ள 'ஜி' எழுத்து ஊமை. பினிக்னண்ட், பினிக்னிட்டி என்னும்போது அதற்கு வாய் திறக்கிறது. சைன் என்பது சிக்னேச்சர் ஆகும்போதும், மலைன் என்பது மலிக்னண்ட் ஆகும்போதும் இதேதான் நடக்கிறது. பினைன்லி என்று வினையடை ஆக்கினால் மறுபடி ஊமையாகிவிடும். 'பெனிக்ன்' என்று ஓர் உச்சரிப்பு கிடையாது. மலைன் வினைச்சொல்லாக வந்து அவதூறு செய்வதைக் குறிக்கும். பினைன் அப்படி வராது. யாரும் யாரையும் பினைன் செய்ய முடியாது.

நம்பிக்கை: அறிக்கையில் பினைன் என்று வந்துவிட்டால் கவலையே இல்லை.

பெரும்பாலும் நிம்மதிதான், மறுக்கவில்லை. தோலுக்கடியில் உருளும் கொழுப்புக்கட்டி ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் கட்டியைப் பொறுத்தவரை அந்தச் சொல் தருகிற உறுதிமொழி குறுகியது. இது புற்றுநோய் அல்ல, பக்கத்துத் திசுக்களுக்குள் ஊடுருவாது, தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவாது என்பதோடு சரி. மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமாக்களில் பெரும்பாலானவை பினைன் வகை. மண்டையோடு விரிந்து கொடுக்காதே! கட்டி பெரிதானால் மூளையை அழுத்தும். வலிப்பு வரலாம், பார்வை மங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வயதான ஆண்களுக்கு வரும் பினைன் வகைப் புராஸ்டேட் வீக்கம் சிறுநீரை அடைத்து, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையே கெடுக்கும். கருப்பை நார்க்கட்டியால் ரத்தப்போக்கு மிகுந்து சோகை கண்ட பெண்ணிடம் போய் "பினைன்தானே" என்று சொல்லிப் பாருங்கள்.

மருத்துவர்களே இந்தச் சொல்லிடம் ஏமாந்ததும் உண்டு. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கும், கட்டி எதுவும் இருக்காது. அந்த நிலைக்கு ஒருகாலத்தில் 'பினைன் இன்ட்ராகிரேனியல் ஹைப்பர்டென்ஷன்' என்று பெயர் வைத்தார்கள். பார்வை நரம்பு வீங்கிச் சிலர் நிரந்தரமாகப் பார்வையையே இழப்பது தெளிவான பிறகு, பினைனைத் தூக்கிவிட்டு, காரணம் தெரியாதது என்று பொருள்படும் 'இடியோபதிக்' என்பதை வைத்தார்கள். சரியான முடிவு.

எதிர்ப்பக்கத்தில், படுக்கையில் புரண்டால் உலகமே சுற்றும் ஒரு வகைத் தலைசுற்றல் இருக்கிறது. 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் அதை விரிவாக விவரித்தபோது சேர்த்த பினைன் அடைமொழி இன்றுவரை பெயரில் நிற்கிறது. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறுவதுதான் காரணம். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பும் எப்லி முறையில் பலருக்கு உடனே சரியாகிவிடும். அங்கே பெயர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் முதியவர் அந்தச் சுற்றலில் கீழே விழுந்தால் எலும்பு முறியத்தான் செய்யும்.

நம்பிக்கை: பெனவலண்ட், பெனிஃபிசண்ட், பினைன் மூன்றும் ஒன்றே.

மூன்றிலும் 'நன்மை' என்ற லத்தீன் முன்னொட்டு இருக்கிறது. மிச்சப் பாதிதான் வேறு. பெனவலண்ட் நல்லதை விரும்புவது. பெனிஃபிசண்ட் நல்லதைச் செய்வது. பினைன் நல்லபடி பிறந்தது. ஜென்டில், ஜெனரஸ் இரண்டும்கூட நற்குடிப் பிறப்பிலிருந்து வந்தவையே. திருக்குறளில் குடிமைக்குத் தனி அதிகாரம் வைத்த நமக்கு இது புதிதாக இராது. பைத்தான் கணினி மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசத்துக்கு 'ஆயுட்கால பெனவலண்ட் சர்வாதிகாரி' என்ற வேடிக்கைப் பட்டம் இருந்தது. 2018இல் அவரே அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தப் பட்டத்தில் பினைனைப் போட்டிருந்தால் நல்லெண்ணம் மங்கி, 'தொந்தரவில்லாத சர்வாதிகாரி' என்ற சாயல் ஏறியிருக்கும்.

நம்பிக்கை: கைண்ட்லி என்றால் 'தயவுசெய்து', அவ்வளவுதான்.

அது பெயரடையும்கூட. லி என்று முடிவதாலேயே ஒரு சொல் வினையடை ஆகிவிடாது. ஃபிரெண்ட்லி, மதர்லி போன்றவை பெயரடைகளே. பரிவு ததும்பும் முகமுள்ள மூதாட்டியைக் கைண்ட்லி என்று எழுதலாம். பினைன் என்று எழுதத் தயங்கும் இடங்களில் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். நம் அலுவலகக் கடிதங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் கைண்ட்லி வேறு. பிரிட்டனில் இன்று அது விறைப்பாகவோ எரிச்சலாகவோ ஒலிக்கும், "கொஞ்சம் வாயை மூடுகிறீர்களா" என்பதுபோல. வெளிநாட்டுக்கு எழுதும் மின்னஞ்சலில் ப்ளீஸ் போதும். மனிதரைப் பாராட்ட வேண்டுமா, கைண்ட் என்றே எழுதுங்கள். அதைத் தவறாகப் படிக்க யாராலும் முடியாது.