மடிவீக்க நோயும் மருந்து கலந்த பாலும்

கறவை மாடு வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு மடிவீக்க நோய் புதியதன்று. மடியின் ஒரு பக்கம் இறுகிச் சூடேறும். காம்பைத் தொட்டால் பசு காலை உதறும். பால் நீர்த்தோ, திரிதிரியாகவோ, இரத்தங் கலந்தோ வரும். கவனியாது விட்டால் அக்காம்பு நிரந்தரமாக வற்றிப்போதலும் உண்டு. வெளியே அறிகுறி ஏதுமின்றிப் பாலளவை மட்டும் குறைக்கும் மறைவான நோயும் உண்டு. ஆகவே ஒவ்வொரு காம்பின் முதற்பாலையும் கருநிறக் கிண்ணத்தில் பீச்சிப் பார்த்தல் நன்று. திரிகள் இருப்பின் தெளிவாகத் தெரியும்.

மருந்தும் அதன் அளவும்

இந்நோயை உண்டாக்குபவை பெரும்பாலும் பாக்டீரியாக் கிருமிகளே. 1928-ல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலினும், பின்னர் வந்த ஆன்டிபயாடிக் மருந்துகளும் இவற்றை அழிக்க வல்லவை. ஆயினும் எல்லா மருந்தும் எல்லாக் கிருமியையும் கொல்லா. ஸ்ட்ரெப்டோகாக்கஸை அழிக்கும் பெனிசிலின், ஈ. கோலியிடம் பயன்படுவதில்லை. ஆகையால் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் கால்நடை மருத்துவரே. அடுத்த வீட்டில் மிஞ்சிய மருந்தை வாங்கிச் செலுத்துதல் தகாது.

காம்பினுள் மருந்து செலுத்துமுன் மடியை முழுதும் கறந்துவிட்டு, காம்பின் நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடைக்க வேண்டும். வீக்கம் வடிந்தது கண்டு மருத்துவர் குறித்த நாளுக்கு முன்னரே நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மறுபடி பெருகக்கூடும். போதாத அளவில் மருந்து கண்ட கிருமிகள் அம்மருந்துக்கு அடங்காமற் போகும் எனப் பிளெமிங் 1945-ல் தமது நோபெல் பரிசுச் சொற்பொழிவிலேயே எச்சரித்தார்.

பாலை நிறுத்திவைத்தல்

செலுத்திய மருந்து சில நாள் வரை பாலில் வெளிப்படும். காய்ச்சுவதால் அது முற்றும் அழியாது. பெனிசிலின் ஒவ்வாதவர்க்கு அப்பால் தீங்கு செய்யக்கூடும். உறை ஊற்றினால், தயிராக்கும் நுண்ணுயிர்களையும் மருந்து கொல்வதால் பால் சரிவர உறையாது. ஒருவர் ஊற்றும் ஒரு செம்புப் பால், சங்கத்தின் கேனில் உள்ள அனைவர் பாலையும் கெடுத்துவிடலாம்.

ஆகவே மருந்தின் உறையில் குறித்துள்ள நாட்கள் வரை பாலைச் சங்கத்திற்கு ஊற்றலாகாது. காலவரை ஆராய்ந்து நிறுவப்படாத மருந்தாயின் 7 நாட்களுக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என 2012-ல் இந்திய மருந்து விதிகள் திருத்தப்பட்டன. ஒரு காம்பிற்கு மட்டுமே மருந்திட்டாலும் நான்கு காம்புகளின் பாலையும் நிறுத்த வேண்டும். மருந்து இரத்தத்தில் கலந்து ஏனைய காம்புகளுக்கும் செல்லும். ஏழு நாள் வரும்படியை இழத்தல் சிறு குடும்பத்திற்குப் பெரும் நட்டம் என்பதை நாம் அறிவோம். ஆதலாற்றான் நோய் வராமற் காத்தல் மேலானது என்கிறோம்.

வருமுன் காத்தல்

1. கறக்குமுன் கைகளையும் மடியையும் கழுவித் துடைத்திடுக.
2. கட்டைவிரலை மடக்கிக் கறவாது, முழுக்கையால் கறந்திடுக.
3. கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் தோய்த்திடுக.
4. உடனே தீவனமிட்டு அரைமணி நேரமேனும் பசுவை நிற்கச் செய்க. காம்புத் துளை மூடும்வரை அது படுத்தலாகாது.
5. நோயுற்ற பசுவைக் கடைசியில் கறந்திடுக.

மருந்து செலுத்திய தேதியைத் தொழுவத்துச் சுவரில் கரியினால் எழுதிவைத்து, சங்கக் காரியதரிசியிடமும் அன்றே தெரிவிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.