பால்வாடிக்கும் ஒண்ணாப்புக்கும் நடுவே

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் பால்வாடியும் தொடக்கப் பள்ளியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. இல்லாவிட்டால் கூப்பிடு தூரத்தில். ஏப்ரல் வரை இந்தக் கட்டடத்தில் இருந்த பிள்ளை ஜூனில் அந்தக் கட்டடத்துக்கு மாறுகிறது, அவ்வளவுதானே என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துத் தூங்கிப் பழகிய உடம்பு, ஒண்ணாப்பில் இரண்டு மணிக்குக் கண் சொக்கும்போது நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. ஒண்ணுக்கு வந்தால் ஆயாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தால் போதும் என்றிருந்தது. இப்போது முன்பின் பழகாத டீச்சரிடம் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். முதல் மாதத்தில் அழுகிற, வாயே திறக்காத, வயிற்றுவலி என்று வீட்டிலேயே நின்றுவிடுகிற பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "எழுத்து தெரியல, அதான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். இந்த வயதுப் பிள்ளைகளைக் கவனித்துவந்ததில் எனக்குப் புரிந்தது வேறு. எழுத்தைக் கற்றுக்கொடுக்கத்தான் ஒண்ணாப்பே இருக்கிறது. அங்கே போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே வேண்டியது பேச்சு, கைப்பழக்கம், தன் தேவையைச் சொல்லும் தைரியம். மீதித் தூரத்தைப் பள்ளிக்கூடம்தான் பிள்ளையை நோக்கி நடந்து வர வேண்டும்.

வயதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் மாநிலத்தில் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒண்ணாப்பில் சேர்க்கலாம். ஜூலைக் கடைசியில் பிறந்த பிள்ளைக்குப் பள்ளி திறக்கும் நாளில் நாலே முக்கால் வயதுதான் தாண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது முந்தைய வருஷம் ஆகஸ்டில் பிறந்ததாக இருந்தால், அதற்கு ஆறு வயது ஆகப்போகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது அதன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே நாளில் ஒரே எழுத்தை ஒரே அழகில் எழுத வேண்டும் என்று எதிர்பார்த்தால், சின்னது மக்கு என்று பேர் வாங்கிவிடும், அந்தப் பேர் லேசில் போகாது. தேசியக் கல்விக் கொள்கை ஆறு வயது என்கிறது. பின்லாந்தில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு. ஐந்தில் சேர்ப்பது தப்பு என்று நான் வாதாடவில்லை. கூலி வேலைக்குப் போகும் தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஐந்தில் சேர்த்தால், முதல் சில மாதங்களாவது அது ஐந்து வயதுக்கு ஏற்ற வகுப்பாக இருக்க வேண்டும். என்.சி.இ.ஆர்.டி. 2021-ல் கொண்டுவந்த 'வித்யா பிரவேஷ்' இதற்காகவே மூன்று மாத விளையாட்டுவழி ஆயத்தத்தை வகுத்தது.

பாட்டும் கதையும் விளையாட்டுமாகப் பொழுது போனால் படிப்பு எப்படி வரும் என்று கேட்பார்கள். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே பதில் இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் நம் மாநிலத்தின் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாகப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதம் கழித்துச் சோதித்தபோது அந்த மையத்துப் பிள்ளைகள் கணக்கில் முந்தியிருந்தார்கள். மொழியில் அதைவிடவும் முந்தியிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகளும், கடுமையான சத்துக்குறைவு உள்ளவர்களும் அங்கே குறைவு. காரணம் விளங்காததல்ல. பால்வாடி டீச்சருக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் பார்த்துவருவது, பதிவேடு எழுதுவது என்று ஆயிரம் வேலை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற அருமையான பாடத்திட்டம் கையில் இருந்தும், அதை நடத்த அவருக்கு நேரம் கிடைக்க வேண்டுமே! நேரத்தோடு ஒரு ஆள் கிடைத்ததும் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். பால்வாடியைக் குட்டிப் பள்ளிக்கூடமாக மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

பெற்றோரின் கவலையையும் நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. காலையில் மெட்ரிக் பள்ளி வேன் தெருவுக்குள் வந்து எதிர்வீட்டுப் பிள்ளையை எல்.கே.ஜி.க்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அது சாயங்காலம் ஏ, பி, சி, டி எழுதிய நோட்டோடு வருகிறது. நம் பிள்ளை சுண்டலும் பாட்டுமாக வந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். அரசும் 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகத்து அங்கன்வாடிகள் 2,381-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது இந்தக் கவலையை உணர்ந்துதான். ஆனால் நோட்டு நிறைந்திருப்பதும் பிள்ளை முன்னால் இருப்பதும் ஒன்றாகிவிடாது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் குழுவினர், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். பதினோரு வயதுவாக்கில் வாசிப்புத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. "அந்த நாட்டு வீடுகளில் புத்தகம் இருக்கும், நம் வீட்டில் ஏது?" என்று கேட்டால் அது சரியான கேள்வி. புத்தகம் இல்லாத வீட்டில் அந்த இடத்தைப் பேச்சுதான் நிரப்ப முடியும். பென்சிலை இரண்டு வருஷம் முன்னதாகத் திணிப்பதால் நிரம்பாது.

அந்தப் பேச்சுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அப்பா வளைகுடாவில், அம்மா நூறு நாள் வேலையில் என்றால் பிள்ளை இருப்பது அப்பாயியிடமோ அம்மாச்சியிடமோதான். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயியால் பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்செய்ய முடியாது என்று பலரும் நினைப்பது எனக்கு வருத்தம். சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டே "காலையில என்ன நடந்துச்சு, முதல்லருந்து சொல்லு" என்று அவர் கேட்டால், பிள்ளை நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பழகுகிறது. பின்னால் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இந்தப் பழக்கம்தான் அடித்தளம். மக்காச்சோளக் கதிரைக் கையில் கொடுத்து மணி உதிர்க்கச் சொல்லிப் பாருங்கள். கட்டைவிரல் மணியின் அடியில் அழுந்தும், ஆள்காட்டி விரல் மேலிருந்து பிடிக்கும். பென்சில் பிடிக்க வேண்டியதும் அந்த இரண்டு விரல்களின் பலம்தான். உதிர்த்ததை ஐந்து ஐந்தாகக் கூறுகட்டினால் கணக்கும் ஆயிற்று. மே மாதத்தில் மதியத் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, கால்சட்டை பொத்தானைத் தானே போடவிடுவது, "டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்" என்று கூச்சமில்லாமல் சொல்லப் பழக்குவது ஆகியவையும் படிப்பில் சேர்ந்தவை.

ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பை ஒன்றாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்க முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பாட்டோடும் செயலோடும் நடத்துவதற்கு வழி திறந்தது. 2023-இலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் வந்துவிட்ட காலை உணவும் பிள்ளையைப் பசியோடு உட்காரவிடாமல் காப்பாற்றுகிறது. இன்னும் இல்லாதது, இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு பேச்சுவார்த்தை. இரண்டு வருஷம் கூடவே இருந்த பால்வாடி டீச்சருக்குப் பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரியும்: வீட்டில் கூப்பிடும் பேர், இடக்கைப் பழக்கம், எந்தக் காது மந்தம், யார் கூட இருந்தால் அழாது. ஒண்ணாப்பு டீச்சர் இதையெல்லாம் ஜூலை, ஆகஸ்டில் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பால்வாடி டீச்சர் பிள்ளைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஏப்ரலில் வாரம் ஒருநாள் பிள்ளைகளை ஒண்ணாப்பு அறையில் உட்காரவைத்துக் கூட்டிவந்தால் போதும். இதற்குத் தனி நிதி வேண்டாம், அரசாணையும் வேண்டாம். பெற்றோரையும் ஒருமுறை அழைக்க வேண்டும். ஆனால் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் ஏப்ரல் வாக்கில் முந்திரிக் கொட்டை பொறுக்கப் போய்விடுவார்கள். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, யாரும் வரவில்லை, அக்கறையில்லை என்று சொல்லக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு வைத்தால் அப்பாயிகளும் சேர்ந்து வருவார்கள்.