கண்மாய்க் கரையில் ஒளிப்பட வகுப்பு

எங்கள் பள்ளிக்கும் ஊர்க் கண்மாய்க்கும் இடையே ஒரு தார்ச்சாலையும் நாலைந்து புளியமரங்களும்தான் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் அங்கே அறிவியல் ஆசிரியர். மூன்று ஆண்டுகளாகச் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்களோடு அந்தக் கரையில் ஒளிப்படம் எடுத்து வருகிறோம். 'கேமராவுக்கு எங்கே போவது?' என்பதுதான் சக ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி. எங்களிடம் இருப்பவை என்னுடைய கைபேசியும், நான் சொந்தத்துக்கு வாங்கிய ஒரு பழைய ஜூம் கேமராவும்தான். மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டு வருவதில்லை. இந்த வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை.

முதல் மூன்று வாரம் கேமராவைக் கையிலேயே தருவதில்லை. பழைய நோட்டு அட்டையில் ஆறு சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளச் சொல்கிறேன். அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு கரையில் நடக்க வேண்டும். அட்டையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் காட்சி விரியும். கையை நீட்டினால் சுருங்கும். லென்ஸின் குவியத் தொலைவு பற்றிப் பிறகு பேசும்போது இந்த அனுபவம் எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறது. 'இந்தச் சன்னலுக்குள் எதை வைப்பாய், எதை வெளியே விடுவாய்?' என்று மட்டும் கேட்பேன். ஒரு மாணவி மின்கம்பத்தை வெளியே விட்டுக் கரிச்சானை மட்டும் உள்ளே வைத்தாள். பக்கத்தில் நின்றவன், 'கம்பிய விட்டுட்டா அது எதுல உக்காந்திருக்குன்னு எப்படித் தெரியும்?' என்றான். அன்றைய வகுப்பு அந்த ஒரு கேள்வியிலேயே ஓடிவிட்டது.

கேமரா கைக்கு வந்த பிறகு ஒருவருக்கு ஒரு நாளில் மூன்று படம்தான். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஒரே மைனாவை அறுபது முறை எடுத்துக்கொண்டு வருவார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று என்றதும் காத்திருக்கத் தொடங்குகிறார்கள். படத்தோடு நேரம், இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என மூன்று வரி எழுத வேண்டும். 'காலை 7.10. மடைக்குப் பக்கம். மடையான் இருபது நிமிடம் அசையவில்லை. நாங்கள்தான் அசைந்தோம்' என்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதினான். கட்டுரை நோட்டில் அரைப் பக்கம் நிரப்பவே அழுகிறவன் அவன்.

அந்த மடையான் நல்ல பாடப்பொருள். உட்கார்ந்திருக்கும்போது சேற்றின் நிறம். பறந்தால் இறக்கை இரண்டும் தூய வெள்ளை. உட்கார்ந்த படத்தையும் பறக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பறவைகள் என்றே சாதிப்பார்கள். 'குருட்டுக்கொக்கு' என்ற பெயர் ஏன் வந்தது என்ற விவாதமும் அங்கேதான் கிளம்பியது. நெருங்கிப் போகும்வரை அசையாமல் இருப்பதால் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் என்பது மாணவர்கள் கண்ட முடிவு. உருமறைப்பு பற்றிப் பாடநூலில் உள்ள பத்தியை அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கைபேசிக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அதன் லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. முப்பது மீட்டர் தள்ளி நிற்கும் நாரை அதில் ஒரு புள்ளிதான். திரையில் விரலை வைத்து இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளி பெரிய புள்ளியாகுமே தவிர, கூடுதலாக ஓர் இறகும் தெரியாது. ஆகவே கைபேசியில் நிலக்காட்சி, பறவைக் கூட்டம், உழவு ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்குகள், சத்துணவுக் கூடத்தைச் சுற்றும் காக்கைகளும் தவிட்டுக்குருவிகளும். தூரத்துப் பறவைக்கு ஜூம் கேமரா.

வெள்ளைக் கொக்கைக் கைபேசியில் எடுத்தால் இறகே தெரியாமல் சுண்ணாம்பு பூசியது போல வரும். இருண்ட பின்னணிக்குத் தக்கபடி கருவி ஒளியைக் கூட்டிவிடுவதே காரணம். கொக்கின் மேல் விரலால் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் இறகுகள் திரும்பி வரும். காலை எட்டரை மணிக்குள் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொள்வது, பறவையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்துவிடுவது ஆகிய இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் பாதிப் படங்கள் தேறிவிடும். நிலக்காட்சியில் நீர்மட்டக் கோடு சாய்ந்திருந்தால் நான் திருத்த வேண்டியதில்லை. 'சார், தண்ணி வலது பக்கமா வழியுது' என்று வகுப்பே சிரித்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பு இயக்கப் பாடத்துக்கு ஷட்டர் வேகம் கைகொடுக்கிறது. நொடிக்கு பத்து மீட்டர் வேகத்தில் ஒரு பறவை பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் பறவை பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; 1/1000 நொடி என்றால் ஒரு சென்டிமீட்டர்தான். ஏன் ஒரு படம் மங்கலாகவும் மற்றொன்று தெளிவாகவும் வந்தது என்பதை மாணவர்களே கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பனை உழவாரனை மட்டும் இதுவரை யாரும் தெளிவாகப் பிடித்ததில்லை. அது என்ன வேகத்தில் போகிறது என்று கேட்டு என்னைத் துளைக்கிறார்கள்.

கணக்கு ஆசிரியருக்கும் இதில் பங்கு கிடைத்தது. மாலையில் கருவேல மரங்களில் அடையும் கொக்குகளைப் படமெடுத்து, அச்சிட்டு, கட்டங்கள் போட்டு, நெருக்கமான கட்டம் ஒன்று, நடுத்தரமான கட்டம் ஒன்று, ஏறக்குறைய காலியான கட்டம் ஒன்று என எண்ணிச் சராசரி கண்டு பெருக்கினார்கள். மூன்று குழுவுக்கும் மூன்று விடை. பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, யாருடைய மதிப்பீடு நெருங்கியது, ஏன் என்று பேசினார்கள். 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்துப் பட்டியல் போட்டால் போதும். விடுமுறை நாள் என்பதால் வற்புறுத்துவதில்லை. ஆனாலும் சென்ற முறை பொங்கல் கரும்போடு கரைக்கு வந்தவர்கள் உண்டு.

நம் மொழியில் இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்ப் படங்களை எடுத்தவர். 1996-இல் மறையும்வரை ஆங்கிலப் பத்திரிகையில் தொடர்ந்து இயற்கை பற்றி எழுதினார், தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாக வந்திருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டினேன். நம் வீட்டுச் சுற்றுப்புறத்துப் பறவையைப் பற்றி இவ்வளவு எழுத முடியுமா என்ற வியப்பு அவர்கள் முகத்தில் தெரிந்தது. நம் மாணவர் இதழுக்கே தேன்சிட்டு என்று பெயர். பள்ளிச் செம்பருத்திக்கு வரும் அந்தச் சின்னப் பறவையைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்தவர்கள் எங்கள் ஏழாம் வகுப்பில் முதலில் நான்கு பேர்தான்.

அந்த நால்வரில் ஒருவன் கவட்டை வில் வைத்திருப்பவன். கவுதாரி எந்தப் புதரில் முட்டையிடும், கொக்கு எத்தனை மணிக்கு அடையும், தூக்கணாங்குருவி எந்தப் பனையில் கட்டத் தொடங்கியிருக்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஐச் சொல்லி அவனை மிரட்டுவது எளிது. சட்டத்தைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னேன். ஆனால் வகுப்பில் கூனிக் குறுகி உட்காரவைத்திருந்தால் அவனுக்குத் தெரிந்தது எதுவும் எங்களுக்குக் கிடைத்திருக்காது. கரையில் அவன்தான் வழிகாட்டி. படம் எடுக்கத் தொடங்கியதும் வில்லை விட்டுவிட்டான் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. வீட்டு இறவாணத்தில் அது இன்னும் செருகித்தான் இருக்கிறது. பள்ளி நாட்களில் எடுப்பதில்லை என்கிறான். அவன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

மனிதர்களைப் படம் எடுக்கும்போது

பறவையைவிட மனிதர்கள் கடினம். கேட்காமல் எடுக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. சாலையோரம் மிளகாய் காயப்போட்டிருந்த மூதாட்டியிடம் ஒரு மாணவி, 'அப்பத்தா, ஒரு படம் எடுத்துக்கவா?' என்று கேட்டாள். 'இந்தச் சேலையோடயா? இரு, மாத்திட்டு வாரேன்' என்று வீட்டுக்குள் போய்விட்டார். நல்ல சேலையில் விறைப்பாக நின்ற படத்தையும் எடுத்துக்கொண்டாள். பிறகு அவர் குனிந்து மிளகாயைக் கிளறத் தொடங்கியதும், மறுபடி கேட்டுவிட்டு, சிவப்புக்கு நடுவே அந்தக் கைகளை மட்டும் எடுத்தாள். இரண்டையும் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்பத்தாவுக்குப் பிடித்தது முதல் படம்தான்!

மாணவர்களின் முகம் தெரியும் படங்களில் நான் இன்னும் கறாராக இருக்கிறேன். தன் மகள் படம் யார் கைபேசியிலும் இருக்கக் கூடாது என்று ஒரு தந்தை வந்து சொன்னார். அவர் சொன்னது நியாயம். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்தக் குழந்தை முகமும் புலனக் குழுவுக்கோ நிலைத்தகவலுக்கோ போவதில்லை. நாம் பெருமையோடு பகிர்கிற படம் எத்தனை கை மாறும் என்பது நமக்குத் தெரியாது. தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை: கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் கரையை விட்டு இறங்குவதே கிடையாது, எப்போதும் பெரியவர்கள் இருவர் உடன் வர வேண்டும்.

ஆட்காட்டியின் முட்டைகள்

கூட்டைப் படம் எடுக்கலாமா என்ற கேள்வி இந்த மார்ச் மாதம் வந்தது. தண்ணீர் வற்றிய கண்மாய் உட்பரப்பில், வெறும் கட்டாந்தரையில், ஆட்காட்டி நான்கு முட்டை இட்டிருந்ததைக் கவட்டை வில்காரன்தான் கண்டுபிடித்தான். எல்லோருக்கும் கிட்டத்தில் எடுக்க ஆசை. வெயில் ஏறிய பிறகு அந்தத் தரையில் நம்மால் செருப்பின்றி நிற்க முடியாது. ஆட்காட்டி அந்த நேரத்தில் முட்டைக்கு மேல் நின்று நிழல் தரும். தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்தும் முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் கேமராவோடு பக்கத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய்ப்பறவை கத்திக்கொண்டு வெளியே பறக்க, முட்டை வெயிலில் கிடக்கும். நம் காலடித் தடத்தைப் பிடித்து நாய் வரும், நாம் நிற்பதைப் பார்த்துக் காக்கை வரும். இவ்வளவையும் சொல்லி முடிவை அவர்களிடம் விட்டேன். அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு கரையிலிருந்து ஜூம் கேமராவில் ஒரே ஒரு படம், அதுவும் காலை ஏழு மணிக்கு, என்று முடிவானது. இருப்பிட விவரம் பதியாதபடி கேமராவில் பார்த்துக்கொண்டோம்.

அந்த வாரமே விவசாயிகள் அனுமதி பெற்று வண்டல் மண் அள்ள வந்துவிட்டார்கள். வயலுக்கு மண் வேண்டும். கண்மாயும் ஆழமாக வேண்டும். மாணவர்களில் பலர் வீட்டு வயலுக்கே அந்த மண் போகிறது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனமில்லை. அந்த ஒரு படத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஐந்து மாணவர்களும் நானும் போய்ப் பேசினோம். படத்தில் முட்டை தெரியவில்லை. உட்கார்ந்திருக்கும் பறவை மட்டும்தான் தெரிந்தது. ஜேசிபி ஓட்டும் அண்ணன் வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, 'இந்த மூலைய விட்டுட்டு அந்தப் பக்கமிருந்து அள்ளுறேன். எத்தன நாளு?' என்றார். அடைகாக்கும் காலம் ஏறத்தாழ 28 முதல் 30 நாள்; எப்போது இட்டது என்று தெரியாததால் ஒரு மாதம் கேட்டோம். மண்ணுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், 'ஒரு குருவிக்காகவா?' என்று முணுமுணுத்தார். அவருடைய டிராக்டர் அன்று மற்றவர்களுக்குப் பிறகு நிறைய வேண்டியிருந்தது. அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஊர்வழக்கம் இருந்தால் இதெல்லாம் எளிது. எங்கள் மாவட்டத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது.

நான்கு பக்கமும் குச்சி நட்டுத் துணி கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அது முட்டை இருக்கும் இடத்தை ஊருக்கே காட்டிக்கொடுக்கும் என்று கவட்டை வில்காரன் மறுத்துவிட்டான். தள்ளியிருந்த ஒரு கருவேல மரத்தை எல்லையாகச் சொல்லிக்கொடுத்தோம். தினமும் காலையில் இருவர், கரையிலிருந்தே பார்த்து, நோட்டில் குறித்தார்கள். பத்தொன்பது நாள் பறவை அதே இடத்தில் இருந்தது. இருபதாம் நாள் பதிவை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: 'காலை 6.50. தரையில் பறவை இல்லை. ஜேசிபி அந்தப் பக்கம் வரவில்லை. இரண்டு ஆட்காட்டி மடைக்குக் கிட்ட நின்று எங்களைப் பார்த்துக் கத்தின. குஞ்சு பொரித்தவுடன் நடந்துவிடும், தாய் கத்தினால் தரையோடு படுத்துக்கொள்ளும் என்று சார் சொன்னார். நாய் தின்றிருக்கலாம் என்றும் சொன்னார். நாங்கள் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.'