பருப்பின் மேல் பழி போடாதீர்கள்

"பருப்பு வாய்வு. நாற்பது வயது தாண்டினால் நிறுத்திவிட வேண்டும்." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. முட்டையும் மீனும் தொடாத வீட்டில் பருப்பையும் எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது என்ன? சோறு, ரசம், அப்பளம். பிறகு அவர்களே 'உடம்பில் தெம்பே இல்லை' என்று மறுபடி வந்து உட்காருகிறார்கள்.

பருப்பிலும் பயறிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. இவற்றை உடைக்கும் நொதி மனிதர் யாருடைய சிறுகுடலிலும் சுரப்பதில்லை. அதனால் அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. இது நோயல்ல. நாளுக்குப் பத்து இருபது தடவை வாயு பிரிவது ஆரோக்கியமானவர்களுக்கும் சகஜம்தான். முழங்கால் வலிக்கும் தோள்பட்டைக் குத்தலுக்கும் 'வாய்வு பிடித்துவிட்டது' என்கிறார்களே, குடலில் உண்டாகும் வாயு மூட்டுக்குள் போய் உட்காருவதே இல்லை.

2011இல் 'நியூட்ரிஷன் ஜர்னல்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தினமும் அரை கப் காராமணி சாப்பிட்டவர்களில் முதல் வாரம் வாயு கூடியதாகச் சொன்னவர்கள் 19 சதவீதம்தான். வேறு பயறு வகைகளில் இது கூடுதலாக இருந்தாலும் பாதிப் பேரைத் தாண்டவில்லை. அவர்களிலும் பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் தொல்லை அடங்கிவிட்டது. நம் ஆட்களோ மாதக்கணக்கில் பயறே தொடாமல் இருந்துவிட்டு, நவராத்திரியில் கிண்ணம் கிண்ணமாகச் சுண்டல் சாப்பிட்டு, வயிறு உப்பியதும் கடலையைத் திட்டுகிறார்கள். ஒரு கரண்டியில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள்.

இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலைத் தண்ணீரைக் காலையில் பாருங்கள். மஞ்சள் பாரித்து, மேலே நுரை கட்டியிருக்கும். நான் சொன்ன சர்க்கரையில் ஒரு பங்கு அதில்தான் இறங்கியிருக்கிறது. 'சத்து போய்விடும்' என்று அந்தத் தண்ணீரிலேயே வேகவைக்காதீர்கள். கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குழைய வேகவையுங்கள். முளைகட்டினால் அந்தச் சர்க்கரை இன்னும் குறையும். ஆரம்பத்துக்குப் பாசிப்பருப்பு நல்லது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி உண்ணும் சைவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு சொல்கிறது. நம்மில் எத்தனை பேர் அதில் பாதியைத் தொடுகிறோம்?

பல வீடுகளில் உண்மைக் குற்றவாளி பால். வயது வந்த தென்னிந்தியர்களில் பெரும்பாலானோருக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவு. பெரிய டம்ளர் பாலைக் குடித்துவிட்டு மதியச் சாம்பாரைக் குறை சொல்வது என்ன நியாயம்? பாலை இரண்டு வாரம் நிறுத்தித் தயிருக்கு மாறிப் பாருங்கள்.

பெருங்காயம் வாசனைக்கு அருமை, ஆனால் அது பருப்பிலுள்ள சர்க்கரையை உடைக்காது. மாதாமாதம் பேதிக்குச் சாப்பிட்டுக் 'குடலைக் கழுவ' வேண்டிய அவசியமே இல்லை. சோடா குடித்தால் வரும் ஏப்பம் அந்தச் சோடாவில் அடைத்த வாயுதான். நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டும்போது சோடாவுக்கு ஓடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்றால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு இன்னும் பெரிய கவலை, மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கி வருடக்கணக்கில் விழுங்கும் 'கேஸ் மாத்திரை'. அது இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. பெருங்குடல் வாயுவை அது ஒன்றும் செய்யாது. உணவிலிருந்து பி12 பிரிந்து வர அந்த அமிலம் வேண்டும். சைவருக்கு பி12 கிடைப்பதே பால், தயிர், மோரிலிருந்துதான். அதையும் மாத்திரை தடுத்தால்? பாதம் எரியும், விரல் மரத்துப்போகும், மறதி வரும். அதற்கும் 'வாய்வு' என்றே பெயர் வைத்து இன்னொரு அட்டை வாங்குகிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை என்றால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நீங்களாக வாங்குவது என்றால், அடுத்த அட்டைக்கு முன் ரத்தத்தில் பி12 அளவைப் பரிசோதித்துவிடுங்கள்.